மூன்றாம் குளத்தின் தரை

மெர்ல் ஹாகெட்டை யாராவது "பாசி நோண்டுகிற பொம்பளை" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறும். மல்லட் பாயிண்ட் உப்பளத்தில் முப்பத்தோரு வருஷம் குளம் பார்த்தவள் அவள். எங்கள் உப்பு கப்பல் கப்பலாக ஜப்பானுக்குப் போனதற்கு மேலாளர்கள் காரணமில்லை, நான் ஓட்டிய கிரேடர் வண்டி காரணமில்லை, வெயிலும் காற்றும்கூடப் பாதிதான் காரணம். குளங்களுக்குத் தரை இருந்தது. அந்தத் தரையை அவள் காப்பாற்றி வைத்திருந்தாள். இதை நான் எந்த பாரில் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்வேன். சொல்லியிருக்கிறேன், ஒரு முறை அடியும் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் மண் என்று ஒன்று கிடையாது. மணலும் கிளிஞ்சலும்தான். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வாளியைக் கீழே வைப்பதற்குள் தண்ணீர் காணாமல் போயிருக்கும். அந்த மணலில்தான் கரை கட்டி, கடல்நீரை முதல் குளத்தில் ஏற்றி, இரண்டு, மூன்று என்று வெயிலில் நகர்த்திக்கொண்டே போய், ஒன்பதாவது குளத்தில் உப்பாக வாருகிறோம். ஒவ்வொரு குளமும் மூன்று மைல் நீளம். அவ்வளவு தண்ணீரும் மணலுக்குள் இறங்காமல் நிற்கிறதென்றால், அடியில் பாய் விரிந்து கிடக்கிறது என்று அர்த்தம். பாசிப்பாய். விரல் தடிமன்தான் இருக்கும். யாரும் விரித்ததில்லை, தானே முளைத்து, தானே மணலைப் பிடித்துக் கோந்து போட்டு ஒட்டிக்கொண்டது.

மெர்ல் உப்பளத்துக்கு வந்தது மெஸ்ஸில் ரொட்டி வெட்ட. இரண்டு வருஷம் போனபின், குளம் பார்க்கிற ஆள் ஒரு திங்கட்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டான். "ஆள் கிடைக்கிற வரைக்கும் நான் நடந்து பாக்கறேன்" என்றாள் மெர்ல். ஆள் கிடைக்கவேயில்லை. கிடைக்க அவள் விடவுமில்லை. ஏப்ரனைக் கழற்றி வைத்தவள் ரொட்டிக் கத்தியை மட்டும் கையோடு கொண்டுபோய்விட்டாள். அன்றிலிருந்து பூட்ஸுக்கு அடியில் அகலமாக இரண்டு பிளைவுட் பலகையைக் கட்டிக்கொண்டு, குளத்தின் விளிம்பில் வாத்து நடை நடந்து, பாயில் பிஸ்கட் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்து வெயிலில் தூக்கிப் பார்ப்பாள்.

அந்தத் துண்டின் பக்கவாட்டில் நாலு வரி தெரியும். அவற்றை அவள் எனக்குச் சொல்லிக் காட்டிய விதம் அப்படியே நினைவிருக்கிறது.

"மேல இருக்கறவன் மஞ்சக்காரன், குடை பிடிக்கறது அவன் வேலை. அவனுக்குக் கீழ பச்சைக்காரன். வெயிலைத் தின்னுட்டு மூச்சுக்காத்து விடுவான். நீ இப்ப இழுத்தியே, அந்தக் காத்தைப் பூமிக்கு மொதல்ல கொண்டுவந்ததே இவன் பாட்டன் முப்பாட்டன்தான். அடுத்தவன் சிவப்பன். அவனுக்கு வெளிச்சம் வேணும், ஆனா பச்சைக்காரன் விடற காத்து ஆகாது, அதான் கீழ பதுங்கியிருக்கான். கடைசியில கறுப்பன். கடல் தண்ணியில இருக்கற கந்தகத்தை வெச்சுதான் அவன் மூச்சு விடறான். விட்டா அழுகின முட்டை நாத்தம். அந்த நாத்தத்தைத்தான் சிவப்பன் சோறா சாப்பிடறான். நாலு பேரும் ஒருத்தன் வீட்டுக்கு ஒருத்தன் போகமாட்டான். ஆனா ஒருத்தன் செத்தா மத்தவன் பிழைக்கமாட்டான்."

"எங்க வீடு மாதிரியே இருக்கு" என்றார் பக்கத்தில் நின்ற அவள் புருஷன் லெஸ். கடற்கரையில் வலை இழுத்து வைட்டிங் மீன் பிடிக்கிறவர். "இவ வேலைக்குப் போய்ட்டு வந்தா வாசல்ல நிக்கறப்பவே தெரிஞ்சுடும். நாய்கூட எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போயிடும்."

பின்னாளில் பெர்த்திலிருந்து பல்கலைக்கழகத்து ஆட்கள் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசிகளோடு வந்து, ஒவ்வொரு வரியிலும் குத்திக் குத்தி அளந்தார்கள். மூன்று வாரம் அளந்துவிட்டு மெர்ல் சொன்னதையே சொன்னார்கள், பெயர்கள்தான் நீளமாக இருந்தன. நீங்கள் எந்தப் பேராசிரியரிடம் படித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். "மெஸ் சமையக்காரன்கிட்ட" என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். என் சொந்த மகளுக்குப் பரிசு கொடுத்த மாதிரி எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

சரி, இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இது எனக்குப் பெருமை தருகிற பகுதி அல்ல.

எங்கள் உப்பளத்தின் முதல் சட்டம், பாய்மேல் வண்டி ஏற்றக் கூடாது. ஏன் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாயிண்ட்டுக்கு வடக்கே கரையோரம் போய்ப் பார்த்தால், ஒட்டக வண்டியில் கம்பளிமூட்டை ஏற்றிப் போன காலத்துச் சக்கரத் தடம் இன்னும் பாசியில் பதிந்து கிடக்கிறது. எழுபது எண்பது வருஷம் ஆகியும் ஆறாத காயம். இதெல்லாம் தெரிந்தும்தான் செய்தேன்.

எண்பத்தேழு அக்டோபர். மதகைப் பழுது பார்க்க மூன்றாம் குளத்தின் தண்ணீரை இறக்கியிருந்தார்கள். தெற்கு மூலையில் கால் மைல் அகலத்துக்குப் பாய் வெளியே தெரிந்தது, காய்ந்து கெட்டியாக இருப்பது போல. அந்தப் பக்கத்துக் கரையைக் கிரேடரால் சமன் செய்துவிட்டு நான் திரும்ப வேண்டும். சுற்றிப் போனால் பதினோரு மைல். வெள்ளிக்கிழமை சாயங்காலம், தொண்டையில் தாகம், பாரில் என் ஆட்கள். சுற்றுமுற்றும் பார்த்தேன். யாருமில்லை. குறுக்கே விட்டேன்.

பாதி தூரத்தில் சக்கரம் ஒரு சாண் இறங்கியது. கறுப்புச் சேறு பிதுங்கி, முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. நிறுத்தினால் புதைந்துவிடும் என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்து எப்படியோ கரை ஏறிவிட்டேன். திங்கட்கிழமை மதகு தயாராகி, தண்ணீர் ஏறி, தடம் மூழ்கியது. நான் வாயைத் திறக்கவில்லை.

நவம்பரில் குளத்து மட்டம் இறங்க ஆரம்பித்தது. மேலாளர் ராஸ் பெல்லாமி அந்த வருஷம்தான் நகரத்திலிருந்து வந்தவர். கெட்டவர் இல்லை, பதற்றக்காரர். மட்டம் இறங்குகிறதா, கடல் பம்ப்பை இன்னும் ஓட்டு என்றார். பம்ப் இராப்பகலாக ஓடியது. மட்டம் ஏறியது, மறுபடி இறங்கியது. மறுபடி ஓட்டு என்றார். கிறிஸ்துமஸ் தாண்டியும் இதே கூத்து.

ஜனவரியில் ஒரு நாள் நான் டீசல் சீட்டுக்கு ராஸின் அறையில் நின்றிருந்தேன். மெர்ல் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, ஒரு வாளியை அவர் மேஜைமேல் கவிழ்த்தாள். நத்தைகள். கைப்பிடி கைப்பிடியாகக் கடல் நத்தைகள் கோப்புகளின்மேல் உருண்டன.

"என்ன மெர்ல் இது, சீ!"

"மூணாம் குளத்துல புடிச்சது. எப்பவும் அங்க பத்து டிகிரி உப்பு நிக்கும், நத்தை உள்ள வந்தா செத்துடும். நீ கடல் தண்ணிய ஊத்தி ஊத்தி ஆறு டிகிரிக்குக் கொண்டுவந்துட்டே. இப்ப அதுங்களுக்கு விருந்து. பாய மேயுதுங்க. பாய் போச்சுன்னா தரை போச்சு, தரை போச்சுன்னா நீ இந்துமகா சமுத்திரத்தையே ஊத்தினாலும் நிக்காது. பம்ப்பை நிறுத்து."

"ஓட்டைக் குளத்துக்குத் தண்ணி விடாதேங்கறியா? வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா உனக்கு?"

"இறங்கட்டும். வெயில்ல உப்பு ஏறும், நத்தை சாகும். ஓட்டை எங்கன்னும் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் நான் அடைக்கறேன்."

ராஸ் நாற்காலியில் சாய்ந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைக் காட்டினார். மார்ச் முடிவதற்குள் மூன்றாம் குளம் நிற்காவிட்டால் அதை மூடிவிடுவார்கள். மூன்றை மூடினால் அதற்குப் பின்னால் இருக்கும் ஆறு குளமும் பாதிதான் ஓடும். பதினாறு குடும்பம் ஊரைக் காலி செய்ய வேண்டும்.

"அதான் சொல்றேன், பத்து வாரம் குடு" என்றாள் மெர்ல். "முடியலேன்னா பதினேழாவது குடும்பமா நானே மூட்டை கட்டறேன். நீ சீட்டுக் கிழிக்க வேண்டியதில்ல."

ராஸ் என் பக்கம் திரும்பினார். "நெவ், வருஷக்கணக்கா கரை ஓட்டறவன் நீ. உனக்கு என்ன தோணுது?"

தண்ணீர் இறங்கினால் முதலில் வெளியே வரப்போவது என் சக்கரத் தடம். மெர்ல் சொல்வது சரி என்று என் எலும்புக்கெல்லாம் தெரியும். இருந்தும் சொன்னேன்.

"பம்ப்பை நிறுத்தறது... ஆபத்துன்னுதான் எனக்குத் தோணுது ராஸ்."

மெர்ல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவளுக்கு ஆச்சரியம்தான். அத்தனை வருஷம் அவள் வார்த்தைக்கு நான் எதிர்வார்த்தை பேசியதேயில்லை. அன்றைக்கு என்னைப் போலக் கேவலமான ஆள் இந்தக் கடற்கரை முழுக்கத் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டான்.

ஆனாலும் அவள் அறையை விட்டு நகரவில்லை. நத்தைகளைப் பொறுக்கவும் இல்லை. கடைசியில் ராஸ்தான் அலுத்துப்போய், "பத்து வாரம். ஒரு நாள் கூடக் கிடையாது" என்றார்.

பம்ப் நின்றது. மெர்ல் கரைமேல் ஒரு எனாமல் தொட்டியை வைத்து அதிலும் குளத்து நீரையே நிரப்பினாள். தொட்டியில் குறைவது வெயில் குடிப்பது மட்டும். குளத்தில் குறைவது வெயிலும் ஓட்டையும் சேர்ந்து குடிப்பது. தினமும் இரண்டிலும் அளவுகோலை வைத்துப் பார்ப்பாள். தொட்டி ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் குளம் மூன்று இறங்கியது. இரண்டும் என்றைக்கு ஒன்றாக இறங்குகிறதோ அன்றைக்கு ஓட்டை அடைபட்டது என்று பொருள். ஊரே அந்தத் தொட்டியைத்தான் பேசியது. பாரில் பந்தயமே கட்டினார்கள்.

உப்பு ஆறு டிகிரியிலிருந்து ஏழாச்சு, எட்டாச்சு. நத்தைகள் ஓட்டு வாயை மூடிக்கொண்டு செத்தன. பதினோராவது நாள், குளத்தின் தெற்கு மூலையில் இரண்டு நீளக் கோடுகள் தண்ணீருக்கு மேலே வந்தன. மெர்ல் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போனாள். பலகை கட்டிய காலோடு தடத்தின் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, கத்தியை விட்டு ஆழம் பார்த்தாள். கோட்டுக்குள் பாய் இல்லை. மேலே வெள்ளைப் படலம், கீழே வெறும் கிளிஞ்சல். நட்டநடு மத்தியானத்தில் முட்டை நாற்றம் மேலே வந்துகொண்டிருந்தது. மேலே தடுக்கப் பச்சைக்காரனும் இல்லை, தின்னச் சிவப்பனும் இல்லை.

யார் ஓட்டியது என்று அவள் கேட்கவில்லை. தடத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, "நாளைக்கு விடியறப்ப மண்வெட்டியோட வா. மெஸ்ல இருக்கற ரொட்டித் தட்டு அத்தனையும் கேட்டு வாங்கிட்டு வா" என்றாள்.

நாலாம் குளத்தின் ஒரு மூலையில் நல்ல பாய் இருந்தது. அங்கங்கே இடம் விட்டுச் சதுரமாக வெட்டி, தட்டில் ஏந்தி, ஈரச் சாக்கு போர்த்தி, என் தடத்தில் வரிசையாகப் பதித்தோம். தலைகீழாக ஒன்று வைத்துவிட்டேன். "பச்சைக்காரனைக் குழியில போட்டு கறுப்பனை வெயில்ல காய வெக்கறியே, உனக்கு யாராவது இப்படிப் பண்ணா தெரியும்!" என்று மண்டையில் தட்டினாள். நானூறு சதுரம். ஒரு வாரம் ஆனது. பிறகு மதகைத் திறந்து, நாலாம் குளத்து உப்பேறிய கெட்டித் தண்ணீரை ஒரு முழ உயரத்துக்கு மெல்ல ஏற்றினோம்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு வெயில் ஏறியது. பச்சைக்காரன் தன் வேலையைச் செய்தான். சதுரங்களுக்குள் காற்றுக்குமிழ் நிறைந்து, ஒன்றொன்றாகத் தரையை விட்டுக் கிளம்பி, நானூறும் மேலே மிதந்தன. தெற்கத்திக் காற்று அவற்றை வாரிக்கொண்டுபோய் வடக்கு மூலையில் குப்பையாகக் குவித்தது.

மெர்ல் கரையில் உட்கார்ந்துவிட்டாள். "இருபது வருஷமா இவன் குமிழ் விடறதைப் பாக்கறேன் நெவ். பாய் முழுசா இருந்தா பக்கத்துப் பாய் புடிச்சுக்கும். வெட்டின துண்டை யார் புடிப்பா? எனக்கு ஏன் தோணல? முட்டாள்! முட்டாள்!" தன் தொடையிலேயே அடித்துக்கொண்டாள். நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை. முப்பத்தெட்டு வயசு ஆண்பிள்ளை, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த நேரம் பார்த்து லெஸ் ரொட்டிக்குள் வறுத்த மீனை வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். மெர்ல் மீனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"லெஸ், உன் வலை வேணும்."

"எந்த வலை?"

"வைட்டிங் வலை. மேல விரிச்சா பாய் எழும்பாது, கண்ணி வழியா குமிழ் போயிடும், வெளிச்சமும் உள்ள போகும். ஈயக்கயிறு இருக்கறதால தானே அமுங்கும்."

"என்னடி பேசறே? ரெண்டு குளிர்காலம் உக்காந்து முடிஞ்ச வலை அது. மே மாசம் மீன் ஓடறப்ப நான் என்ன, தொப்பியால அள்ளறதா?" லெஸ் ரொட்டியைக் கரையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடியலில் வண்டி திரும்பி வந்தது. பின்னால் வலை. தடத்தின் அகலத்துக்குச் சரியாக, நீள நீளமாக அவரே வெட்டி, ஓரமெல்லாம் ஈயக்கயிறு கோத்து வைத்திருந்தார். கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. "ஒண்ணும் பேசாதே" என்றார் மெர்லிடம். "பேசினா திரும்பக் கொண்டுபோயிடுவேன்."

மறுபடி நானூறு சதுரம். மேலே வலை. இந்த முறை பத்து மணிக்குக் குமிழ்கள் கண்ணி வழியாகப் பொரிந்து மேலே வந்தன, பாய் கிடந்த இடத்தில் கிடந்தது. மூன்று பேரும் இடுப்பில் கைவைத்து அதையே சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு காத்திருப்பதுதான் வேலை. பச்சைக்காரனின் மெல்லிய நூல்கள் அந்தியில் வெளிச்சம் தேடி வலைக்கண்ணியில் ஏறின, உச்சிவெயிலில் கீழே இறங்கின. ஏறி இறங்கியே ஒரு சதுரத்தை அடுத்த சதுரத்தோடு இழுத்துக் கட்டின. தொட்டிக்கு ஒன்று, குளத்துக்கு மூன்று என்றிருந்தது இரண்டாச்சு. பிறகு ஒன்றரை. மார்ச் பிறந்தும் ஒன்றரையிலேயே நின்றது. பாரில் பாதிப் பேர் வீட்டுச் சாமான்களுக்கு விலை பேச ஆரம்பித்தார்கள். மெர்ல் மட்டும் தினம் இரண்டு சதுரம் சேரும் இடத்தில் ஒரு துண்டு வெட்டிப் பார்த்து, "பச்சை சேந்துடுச்சு. கறுப்பும் சேந்துடுச்சு. சிவப்பன் இன்னும் வரல" என்பாள். நடுவில் சிவப்பு வரி வந்தால்தான் மேலும் கீழும் ஒத்துப்போய்விட்டது என்று அர்த்தம் அவளுக்கு.

எழுபதாவது நாள் ராஸ் தன் அளவுகோலோடு வந்தார். மெர்லின் கோலை நம்பவில்லை, பாவம். முந்தின வாரம் அவரே வைத்த குறியிலிருந்து தொட்டியை அளந்தார். ஆறு சென்டிமீட்டர். குளத்தை அளந்தார். குனிந்து மறுபடி அளந்தார்.

"ஆறு" என்றார்.

மெர்ல் தட்டைப் பலகைகளில் தத்தித் தத்திப் போய், தடத்தின் நடுவில் வலைக்கண்ணிக்குள் கத்தியை விட்டு ஒரு துண்டு வெட்டி எடுத்துவந்தாள். ராஸின் கையில் வைத்தாள். மஞ்சள், பச்சை, கறுப்பு. பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவே, முன்பு வெட்டுவாயாக இருந்த இடத்தில், நூல் இழை அளவுக்கு இளஞ்சிவப்பு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறுபடாமல்.

"மேல எழுதி அனுப்பணும்" என்றார் ராஸ், படிவத்தை எடுத்து. "குளம் நிக்குது, மூட வேண்டியதில்ல. சரி, தரை கிழிஞ்சதுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடறது?"

"நான்தான்" என்றேன். ஐந்து மாசம் ஒளித்து வைத்திருந்த வார்த்தை. "அக்டோபர்ல கிரேடரைக் குறுக்க விட்டேன். அன்னிக்கு உங்க ரூம்ல பம்ப்பை நிறுத்தாதீங்கன்னு சொன்னதும் அதனாலதான்."

ராஸின் முகம் கறுத்தது. "சாவியைக் குடு. இன்னியோட கிரேடர்ல நீ ஏறக் கூடாது. மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம்."

"பேச என்ன இருக்கு, அவனை எங்கிட்ட விடு" என்றாள் மெர்ல். "எனக்கும் முட்டி வலிக்குது. குளம் பாக்க ரெண்டாவது ஆள் வேணும்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "உனக்குத் தெரியுமா?"

"தடம் வெளிய வந்த அன்னிக்கே தெரியும். உன் பின் டயர்ல ஒரு வெட்டு இருக்கே, மாத்தணும் மாத்தணும்னு வருஷம் பூரா பொலம்புவியே, அந்த வெட்டு பத்தடிக்கு ஒண்ணா பாயில பதிஞ்சு கெடந்துது."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ராஸ் உன்னை அன்னிக்கே பஸ் ஏத்தியிருப்பான். எண்ணூறு சதுரத்தை யாருடா தூக்கறது, லெஸ்ஸா?"

ராஸ் படிவத்தையும் பேனாவையும் அவளிடமே நீட்டினார். மெர்ல் அதைத் தொட்டியின் விளிம்பில் வைத்து, மெஸ்ஸில் கணக்கு எழுதிப் பழகிய குண்டு எழுத்தில் எழுதினாள். மூன்றாம் குளம், தரை கிழிந்தது. தைத்தாயிற்று.

ராஸ் படித்துப் பார்த்தார். "யாரு கிழிச்சதுன்னு எழுதலையே மெர்ல்?"

"யாரு தைச்சதுன்னும்தான் எழுதல" என்றாள். "கையெழுத்தைப் போடு."